எரியோட்டு ஜெபக்கூட்டம்

பொய் சொல்வதில் எனக்குப் பயிற்சி போதாது. எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். அங்கே பொய் சொல்வதெல்லாம் பிள்ளைகள் பாடு. ஆனாலும் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், என் தங்கை ஐரினுடைய மூத்தார் இருதயநாதனிடம், "எரியோட்டுல ஒரு ஜெபக்கூட்டம் மச்சான். ஐரினைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துர்றோம்" என்று கூசாமல் சொன்னேன்.

"நல்ல காரியம் மாப்ள. எனக்கும் ஒரு மீட்டிங் இருக்கு" என்றார்.

நாங்கள் திண்டுக்கல்லைத் தாண்டவேயில்லை. போனது நாலு தெரு தள்ளி நடந்த மாநகரக் கலை, உணவுத் திருவிழாவுக்கு. அனுமதி இலவசம் என்று போட்டிருந்தால் எங்கள் குடும்பத்துக்குக் கால் தானாக நடக்கும்.

ஐரினின் கணவர் ஆண்டனிராஜ் இறந்து ஆறு மாதம் ஆகிறது. ஆண்டுப் பூசை முடியும்வரை கோயில், வீடு, இந்த இரண்டைத் தவிர அவள் எங்கும் போகக் கூடாது என்பது மாடியில் குடியிருக்கும் அவர் அண்ணன் இருதயநாதன் போட்ட சட்டம். டிவியைக்கூடத் துணி போட்டு மூடிவிட்டார். போன வாரம் ஐரின் என் மனைவி ரூபியிடம், "மதினி, செத்தது அவருதான? நான் இன்னும் இருக்கேன்ல?" என்று கேட்டிருக்கிறாள். அதைச் சொல்லிவிட்டு ரூபி என்னைப் பார்த்த பார்வையில்தான் அந்த ஜெபக்கூட்டம் பிறந்தது.

யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று ஆளுக்கொரு மாஸ்க் வாங்கினேன். உணவுத் திருவிழாவுக்கு வாயை மூடிக்கொண்டு வந்த ஒரே குடும்பம் நாங்கள்தான். கோலா உருண்டையை மாஸ்க்குக்கு அடிவழியாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து ரூபி, "ஏங்க, இதுக்குப் பேசாம மாட்டிக்கலாம்" என்றாள்.

மேடையில் தேவராட்டம் முடிந்தது. கீழே மைதானத்தில் கயிறு கட்டி நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். "லேடீஸுக்கு மியூசிக்கல் சேர்! இன்னும் ஒரே ஒரு ஆள் வேணும்!" என்றது மைக்.

ஐரின் தன் தட்டை என் கையில் வைத்தாள். "அண்ணே, இதச் செத்த நேரம் பிடி."

"ஏய், எங்க போற?"

அதற்குள் அவள் கயிற்றைத் தாண்டிவிட்டாள். முதல் சுற்று மாஸ்க்கோடு ஓடினாள். மூச்சு முட்டியது. இரண்டாவது சுற்றில் அதைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆறு மாதம் கழித்து என் தங்கையின் பல்லைப் பார்த்தேன்.

பார்த்தது நான் மட்டுமில்லை. பக்கத்துக் கடையிலிருந்து ஒரு குரல்.

"ஏலே மாப்ள, இதுதான் எரியோடா?"

இருதயநாதன். கையில் பிரியாணித் தட்டு, மீசையில் சேர்வைக் குழம்பு.

"கூட்டத்த இங்க மாத்திட்டாங்க மச்சான்" என்றேன். நாக்குக்கு வெட்கமே கிடையாது.

அவர் கயிற்றோரம் போய் நின்று கத்தினார். "ஐரின்! வெளிய வா! ஆண்டுப் பூசை முடியுற வரைக்கும் ஒழுங்கா வீட்டுல உக்காரு!"

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஐரினின் கால் ஒரு கணம் இடறியது. நிற்கவில்லை. அவரைக் கடக்கும்போது சொன்னாள்:

"பாட்டு ஓடும்போது உக்காந்தா அவுட்டு, பெரியத்தான்!"

சனம் சிரித்தது. பாட்டுப் போட்டவர் நிறுத்த மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தார். ஆகவே வாக்குவாதம் சுற்றுக்கு ஒரு வாக்கியமாக நடந்தது.

"உங்களுக்குத் தம்பி, எனக்குப் புருசன். துக்கம் ரெண்டு பேருக்கும்தான?"

ஒரு சுற்று.

"பிரியாணி திங்க உங்க வாய்க்கு லீவு விட்டீங்கல்ல? என் காலுக்கு விட்டா என்னவாம்?"

இருதயநாதன் மீசையைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "சரி. ஆண்டுப் பூசைக்கு எங்க பக்கத்துல ஒருத்தரும் வர மாட்டோம். பாத்துக்க."

அது பட்டுவிட்டது. அடுத்த சுற்றில் அவள் வாய் திறக்காமல் கடந்து போனாள். அவர்கள் யாரும் வராமல், ஆண்டனிராஜ் பேரைச் சாமியார் வாசிக்கும்போது காலியாகக் கிடக்கும் பெஞ்சுகள் அவள் முகத்தில் தெரிந்தன. தட்டில் மிச்சமிருந்த கோலா உருண்டை எனக்கு வேண்டாமென்று ஆகிவிட்டது.

அதற்கடுத்த சுற்றில் வந்தாள். "வராட்டிப் போங்க. அவருக்காக அழுகறதுக்கு எனக்கு ஆள் தொணை வேணாம்."

இருதயநாதன் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீ வாத்தியாரு. கூப்புடு உன் தங்கச்சிய."

வகுப்பில் என் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. இரண்டு கையிலும் தட்டு வேறு. ரூபி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பாட்டு நின்றது. எல்லோரும் விழுந்தடித்து நாற்காலி தேடி ஓடினார்கள். ஐரின் மட்டும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தபடி நின்றிருந்தாள்.

கத்தினேன். மைக்கே தோற்றது.

"ஐரின்! பின்னால பாரு! உன் பின்னாடி சேரு காலி!"

தொப்பென்று உட்கார்ந்தாள். அதே நாற்காலிக்கு ஓடிவந்த ஒரு பெண் அவள் மடியில் உட்கார்ந்து, எழுந்து, அவுட்டாகிப் போனாள்.

இருதயநாதன் என்னை மேலும் கீழும் பார்த்தார். தன் காலித் தட்டை என் தட்டுகளின் மேல் அடுக்கிவிட்டுப் போய்விட்டார்.

"மாடியில இருந்து என்ன என்ன வரப்போகுதோ" என்றேன்.

"வரட்டும். பூசைக்கு முதல் பெஞ்சுல நம்ம உக்காருவோம்" என்றாள் ரூபி.

நாற்காலியில் ஐரின் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். சிரிப்பா அழுகையா என்று இங்கிருந்து தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, கொசுவத்தைத் தூக்கி இறுக்கிச் செருகினாள். ஒரு நாற்காலியை எடுத்தார்கள். பாட்டு மறுபடி தொடங்கியது. எல்லோருக்கும் முன்னால் எழுந்தது அவள்தான்.