மதிலைத் தாண்டி வந்த ஹோஸ்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றிய கதை அல்ல. என் கார் ஏசி கெட்டுப்போனதால் கிடைத்த கதை. மே மாதம், மதியம் இரண்டு மணி. முகப்பேரிலிருந்து ஆவடிக்கு ஒரு வேலையாகக் கிளம்பினேன். அம்பத்தூர் தாண்டுவதற்குள் ஏசியிலிருந்து அனல் வர ஆரம்பித்தது. மாலை ஆறு மணிக்குப் பூந்தமல்லியில் என் மேனேஜர் வீட்டுக் கல்யாண ரிசப்ஷன் வேறு. நனைந்த சட்டையோடு மேனேஜர் முன்னால் போய் நிற்கக் கூடாதே என்றுதான் சேக்காட்டில் ஒரு கார் ஏசி ஷெட்டுக்குள் வண்டியை விட்டேன். இதன் பூர்விகம் அவ்வளவுதான். உந்துதல், தரிசனம் என்று ஒரு மண்ணும் கிடையாது.

அங்கே நடந்ததை நான்கு முறை எழுதிவிட்டேன். நான்கிலும் பொய் இருக்கிறது. ஐந்தாவது முறையாகப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். யார் மேல் இத்தனை ஆத்திரம் என்று இப்போதே கேட்காதீர்கள்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"நெருப்பை உமிழும் சூரியனின் கீழ் ஆவடி நகரம் ஒரு—"

(போதும். உமிழ்கிறதாம். இதை எழுதும்போது எனக்குக் கை கூசவில்லை பாருங்கள்.)

இரண்டாவது வரைவில் அந்த ஷெட்டின் மெக்கானிக் ரெனிதாவை ரெனி என்ற ஆணாக மாற்றினேன். பெண் ஒருவர் கார் ஏசி மெக்கானிக்காக இருந்தால் வாசகர் நம்புவாரா என்று சந்தேகம். ஒன்பது வருஷமாக அந்த வேலையைச் செய்கிற ஒரு மனுஷியை என் சந்தேகத்துக்காக மீசை வைத்து நிற்க வைத்தேன். ஐந்து பக்கம் தாங்கவில்லை, கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது வரைவின் முதல் வரி:

"ரெனிதாவின் கண்களில் இயந்திரங்களுக்கு மட்டுமே புரியும் ஒரு கருணை இருந்தது."

இந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நண்பர்கள் இரண்டு பேரும் பிரமாதம் என்றார்கள். இந்த வரிதான் செய்யக் கூடாததைச் செய்தது. அதை ஆறாம் பகுதியில் சொல்கிறேன்.

3

நடந்தது இதுதான். ரெனிதாவுக்கு* முப்பத்தொரு வயது. ஐ.டி.ஐ.யில் படித்தவர். வீட்டுக்காரர் ஆன்டோவுக்கு அண்ணனூர் ரயில் ஷெட்டில் வேலை. ரெனிதா வேலை செய்த ஷெட்டின் முதலாளி டில்லிபாபு. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு வெல்டிங் ஷெட். ஆட்களைச் சொல்லியாயிற்று, இவ்வளவு பேர்தான்.

(* நான்கு வரைவிலும் டில்லிபாபுவை 'அவர்' என்றும் ரெனிதாவை 'அவள்', ரெனியாக இருந்தபோது 'அவன்' என்றும் எழுதியிருந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, தானாகவே கை அப்படிப் போயிற்று. இந்த முறை இருவருமே 'அவர்'.)

ரெனிதா பானெட்டைத் தூக்கினார். பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு கையுறை. கேஜ் செட்டின் நீல ஹோஸையும் சிவப்பு ஹோஸையும் ஏசி குழாய்களில் பொருத்திப் பார்த்தார். அழுத்தம் காட்டும் இரண்டு முள்ளும் கீழேயே கிடந்தன.

"கேஸ் மட்டும் போட்டு அனுப்புங்க. அவசரமா போகணும்," என்றார் வாடிக்கையாளர். (நான்தான். மூன்றாம் வரைவில் இந்த ஆளுக்கு வேலுசாமி என்று பெயர் வைத்து, வழுக்கையும் கொடுத்திருந்தேன். எனக்கு வழுக்கை கிடையாது.)

"கேஸ் இன்னா சார், பெட்ரோலா? ஓட ஓட தீர்றதுக்கு?" என்றார் ரெனிதா. "உள்ளயே சுத்திகினு கீற கேஸு. கம்மியாச்சின்னா எங்கியோ ஓட்ட கீதுன்னு அர்த்தம். ஓட்டய அடைக்காம மேல மேல ஊத்தினா, அடுத்த மாசம் திரும்பி வருவீங்க."

இந்த மாதிரி வாடிக்கையாளர்களை ரெனிதா தினமும் பார்க்கிறார். சட்டை காலரைத் தூக்கிவிட்டு ஊதிக்கொண்டே, இவளுக்கு என்ன தெரியும் என்று முதலாளியைத் தேடுகிற கண்கள். அந்தக் கண்களை அவர் சட்டை செய்வதில்லை. மிச்சமிருந்த கேஸை வெளியே பீய்ச்சி விடாமல் மெஷினில் இழுத்துக்கொண்டார். திரவமாகத் தெறித்தால் அதன் குளிரே தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகும். அதற்குத்தான் கண்ணாடி. ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அது இல்லாமல் அவர் கேஜில் கை வைத்ததில்லை.

கண்டென்சர் மூட்டில் எண்ணெய்க் கசிவு லேசாகத் தெரிந்தது. அதை உறுதி செய்ய வேண்டுமென்றால் உள்ளே நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, எங்கே குமிழி வருகிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம் ஓட்டையை அடைத்து, உள்ளே காற்றே இல்லாதபடி அரைமணி நேரம் வாக்குவம் இழுத்து, பானெட்டில் ஒட்டியிருக்கிற தாளில் எத்தனை கிராம் போட்டிருக்கிறதோ அத்தனை கிராம் கேஸை எடை பார்த்து ஏற்ற வேண்டும். முறை இதுதான். இதில் குறுக்கு வழி கிடையாது.

ஆனால் நைட்ரஜன் சிலிண்டர் பன்னிரண்டு நாளாகக் காலி. மூன்று தடவை டில்லிபாபுவிடம் சொல்லியாயிற்று. அந்த வரிசை ஷெட்டுகளில் இதற்கு ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். நைட்ரஜன் தீர்ந்தால் வெல்டிங் ஷெட்டிலிருந்து ஆக்சிஜனை வாங்கி விடுவது. பத்து வருஷமாகச் செய்கிறோம், ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். ஒன்றும் ஆகாத நாட்களை மட்டும் எண்ணிவைத்திருக்கிற கூட்டம். ஏசிக்குள் கம்ப்ரஸர் எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கிறது. அழுத்தத்தில் வரும் ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால் தீப்பொறிகூட வேண்டாம், அதுவே வெடிக்கும். ஐ.டி.ஐ.யில் முதல் மாதமே சொல்லித் தருகிற பாடம் இது.

"ஆக்சிஜன் வுட்டு நான் பண்ண மாட்டேன்ணே," என்றார் ரெனிதா. "சிலிண்டர் வரட்டும். சார் வண்டிய வுட்டுட்டுப் போவட்டும்."

வாடிக்கையாளர் மறுபடியும் ரிசப்ஷன் பாட்டைப் பாடினார். டில்லிபாபு அவருக்கு ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு, டீ சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார். பத்து நிமிஷத்தில் குரல் வந்தது.

"நைட்ரஜன் வந்துட்ச்சிமா. நீ சோப்புத் தண்ணி போடு, நான் தொறக்கறேன்."

ரெனிதா கேஜின் மஞ்சள் ஹோஸைப் பின்னால் நீட்டிக் கொடுத்துவிட்டு, பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு குனிந்தார். தூக்கியிருந்த பானெட் மறைத்ததால் பின்னால் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை.

4

(நீக்கிவிட்டேன். நாலைந்து வரிதான். கதையின் ஓட்டத்துக்குத் தேவையில்லாதவை. மேலே படியுங்கள்.)

5

டில்லிபாபு வால்வை ஒரே திருகாகத் திருகினார். பானெட்டுக்கு அடியில் வெடித்தது.

(இந்த இடத்தில் முன்பு "வானம் இரண்டாகப் பிளந்த—" என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். ரெனிதாவுக்கு அப்படி எதுவும் நினைவில்லை. பிற்பாடு அவர் என்னிடம் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.)

சத்தம் கேட்கவில்லை. கேட்பதற்குள் இடது காது போய்விட்டது. தரையில் கிடந்தபோது முதலில் காயலான் கடையில் போடுகிற பழைய தகர நாற்றம். பிறகு தன் இடது கையுறை கொஞ்ச தூரத்தில் கிடப்பது தெரிந்தது. அதற்குள் இரண்டு விரல் இருந்தது அப்புறம்தான் தெரிந்தது. கண்ணாடி முகத்திலேயே இருந்தது. நடுவில் ஒரு விரிசல், இரும்புத் துண்டு ஒன்று குத்தி நின்றது. அது இல்லாவிட்டால் அந்தத் துண்டு எங்கே போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ரெனிதா ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதப்பட்டுவிட்டது. டில்லிபாபு கொடுத்த வாக்குமூலம்: நைட்ரஜன் வரும்வரை காத்திருக்கச் சொன்னேன், ரெனிதாதான் என்னைக் கேட்காமல் வெல்டிங் ஷெட்டிலிருந்து ஆக்சிஜன் எடுத்து மாட்டினார், கண்ணாடியும் போடவில்லை. வெல்டிங் ஷெட்காரரும் அதையே சொன்னார். கண்ணாடி எங்கே என்றால் யாருக்கும் தெரியாது. வழக்கு ரெனிதாவின் மேல். விரலை இழந்தவர் குற்றவாளி. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எங்கே போய் வேலை கேட்டாலும், 'ஷெட்ட வெடிக்க வெச்ச பொம்பளயா' என்கிறார்கள். ஒன்பது வருஷத் தொழில் ஒரு பொய்யில் போயிற்று.

இதை மூன்றாம் வரைவில் எழுதி முடித்த அன்று என் அறச்சீற்றத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

6

அந்தப் பெருமையில்தான் மூன்றாம் வரைவை ரெனிதாவுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். படித்துவிட்டு அழுவார், நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். என்ன ஒரு கொழுப்பு எனக்கு.

மறுநாள் ஆன்டோவின் பைக்கில் முகப்பேருக்கு வந்துவிட்டார். ஆன்டோ கீழேயே நின்றுகொண்டார். சோபாவில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கட்டுப் போட்ட இடது கையை மார்போடு பிடித்துக்கொண்டு, வலது கையில் போனை நீட்டினார்.

"கண்ணாடி எங்க சார்?"

"என்ன கண்ணாடி?"

"நான் போட்டுகினு இருந்த கண்ணாடி. கண்ணு, கருணைன்னு இன்னான்னாவோ எய்திகீறீங்க. கண்ணாடி போட்டிருந்தா கண்ணு எப்படி சார் தெரியும்?"

அழகுக்காக எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். முகம் தெரிந்தால்தான் வாசகருக்கு ஒரு நெருக்கம் வரும் என்று விளக்கம் வேறு கொடுத்தேன். என் வாயை நானே அடைத்திருக்கலாம்.

"அந்தாளு ஸ்டேஷன்ல கழட்டினான். நீ கதைல கழட்டிகீற," என்றார். (இங்கேதான் 'நீங்க' போய் 'நீ' வந்தது. அதற்குப் பிறகு திரும்பி வரவில்லை. எனக்கு அந்தத் தண்டனை போதாது.) "ரெண்டு பேருக்கும் இன்னா வித்தியாசம், சொல்லு."

நான் பேச்சை மாற்றினேன். கதைக்கு மூன்று முடிவு யோசித்திருப்பதாகச் சொன்னேன். ஒன்று, நீதிமன்றத்தில் உண்மை வெளிவருகிறது. இரண்டு, ரெனிதா சொந்தமாக ஒரு ஏசி ஷெட் திறக்கிறார். மூன்று, டில்லிபாபு மனம் திருந்தி ஆஸ்பத்திரிக்கு—

"கதைல எத்தினி முடிவு வேணா வெச்சிக்கோ," என்று நடுவில் வெட்டினார். "ஸ்டேஷன்ல எனக்கு ஒண்ணுதான். செவ்வாக்கெழம பதினோரு மணிக்கு விசாரிக்கிறாங்க. நான் குனிஞ்சிகினு இருந்தேன், எனக்குத் தெரியல. நீ சேர்ல பின்பக்கம் பாத்துகினுதான உக்காந்திருந்த. ஓஸு எங்கேர்ந்து வந்திச்சி?"

"நான் கவனிக்கலம்மா. போன் பாத்துட்டு இருந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கண்களில் கருணை எதுவும் இல்லை.

"கதை எனக்கு வேணாம். பாத்தத எய்தி ஒரு கையெழுத்து போடு, போதும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அன்று மாலையே டில்லிபாபு போன் செய்தார். குரலில் தேன் சொட்டியது. "சார், உங்களுக்கு இன்னாத்துக்கு இந்த வம்பு? அவசரம் அவசரம்னு நின்னதே நீங்கதானே. நீங்க வந்து பேசினா அதயும் நான் பேசணும் இல்ல?" நான் சரி பாஸ், சரி பாஸ் என்றேன். இரண்டு தடவை சொன்னேன்.

4 (திரும்பச் சேர்க்கப்பட்டது)

வாடிக்கையாளர் போன் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பிளாஸ்டிக் சேரில் மதிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வெல்டிங் ஷெட்டிலிருந்து ஒரு ஹோஸ் மதிலைத் தாண்டி வந்ததைப் பார்த்தார். டில்லிபாபு அதை இழுத்து, மஞ்சள் ஹோஸின் முனையில் கிளிப் போட்டு முறுக்கியதையும் பார்த்தார். ஆக்சிஜன் விட்டுச் செய்ய மாட்டேன் என்று ரெனிதா சொன்னதும், நைட்ரஜன் வந்துவிட்டது என்று டில்லிபாபு சொன்னதும் அவர் காதில் விழுந்துதான் இருந்தன.

"என்ன பாஸ், பக்கத்து ஷெட்டிலிருந்து வருது?" என்று கேட்டார்.

"எல்லாம் காத்துதான் சார். டீ ஆறிடப் போவுது, குடிங்க," என்றார் டில்லிபாபு.

வாடிக்கையாளர் மணி பார்த்தார். மூன்றே முக்கால். தூக்கியிருந்த பானெட்டுக்கு அந்தப் பக்கம், ஐந்தடி தூரத்தில் ரெனிதா குனிந்திருந்தார். மேடம், ஹோஸ் பக்கத்து ஷெட்டிலிருந்து வருகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நிமிர்ந்திருப்பார். வாடிக்கையாளர் சொல்லவில்லை. சொன்னால் வேலை நின்றுவிடும், ரிசப்ஷனுக்கு நேரமாகிவிடும். டீயைக் குடித்தார்.

அந்த நாயின் பெயர் வேலுசாமி அல்ல. நான்தான் அது.

7

இன்று செவ்வாய்க்கிழமை. மணி ஒன்பது நாற்பது. என் மனைவி அகல்யா, கோர்ட் கேஸ் என்று அலைய முடியுமா, ஆபீஸில் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். நான் இதைப் பிரிண்ட் எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

முடிவு எழுதும் உத்தேசம் எனக்கு இல்லை. முடிவு எழுதினால் எழுதிய திருப்தியிலேயே வீட்டில் உட்கார்ந்துவிடுவேன். நான்கு வரைவிலும் அதைத்தான் செய்தேன். கோபத்தை அழகாக எழுதினால் அதுவே ஒரு காரியம் செய்த மாதிரி ஆகிவிடுகிறது, அந்தச் சுகம் எனக்குப் பழகிவிட்டது.

இதில் உள்ள ஒவ்வொரு வரியும் நான் கண்ணால் கண்டதும், ரெனிதாவும் டில்லிபாபுவும் என்னிடம் சொன்னதும்தான். கீழே கையெழுத்துப் போட்டு, ஆட்டோ பிடித்து, பதினோரு மணிக்குள் ஆவடி ஸ்டேஷனில் நீட்டினால் இது வாக்குமூலம். போடாமல் ஏதாவது பத்திரிகைக்கு அனுப்பினால் இது கதை. இரண்டுக்கும் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை.

இது உங்கள் கைக்கு எப்படி வந்ததோ, எனக்குத் தெரியாது. ஸ்டேஷனில் நகல் எடுத்ததா, பத்திரிகையில் வந்ததா? பத்திரிகையில் வந்திருந்தால் நன்றாக எழுதியிருக்கிறான் என்று மட்டும் யாரும் சொல்லித் தொலைக்காதீர்கள். கீழே என் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.