யாரோ குடித்த ஒயின்

துபாய் டெய்ராவில் க்ரீக் என்னும் கடல்கழியைப் பார்த்தபடி நின்ற ஓட்டல் ஒன்றின் ஏழாம் மாடியில், 2004ஆம் ஆண்டிலிருந்து குடித்தவர்கள் யாருக்கும் போதை ஏறவில்லை. ஏறவேண்டியது முழுக்க அங்கே பரிமாறிக்கொண்டிருந்த கார்மேகத்துக்கு ஏறியது. அவன் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள், பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு குடித்தவனில்லை. வந்தவர்கள் சுட்ட ஹமூர் மீனோடு வெள்ளை ஒயினும் ஆட்டுக்கறியோடு சிவப்பு ஒயினும் பாட்டில் பாட்டிலாக உள்ளே தள்ளிவிட்டு, வந்தது போலவே நிதானமாக லிஃப்டில் இறங்கிப் போனார்கள். கார்மேகம் தட்டோடு சுவரில் சாய்ந்தான். சண்டைக்காரன் குடித்தால் இவனுக்குக் கோபம் வந்தது, பாட்டுக்காரன் குடித்தால் பாட்டு வந்தது. ஆறு பேர் உட்கார்ந்த மேசை என்றால் ஆறு பேருடையதும் சேர்ந்து வந்தது.

லெபனான்காரரான மேனேஜர், ஆள் திருடிக் குடிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தார். வாயை ஊதச் சொன்னார். காலையில் தின்ற உப்புமா வாசனைதான் வந்தது. டாக்டரிடம் கூட்டிப்போய் ரத்தம் எடுத்துப் பார்த்தார். அதிலும் ஒன்றுமில்லை. சலவைப் பிரிவுக்கு மாற்றினார், அங்கேயும் போதை வந்தது. அபுதாபிக்குப் பக்கத்தில் முசஃபாவில் இருந்த கம்பெனிக் கிடங்குக்கு அனுப்பினார், பஸ் பிடிக்காமலேயே அங்கேயும் வந்து சேர்ந்தது. இது ஆளைத் தேடி வரவில்லை, விசாவைத் தேடி வருகிறது என்று கடைசியில் முடிவானது. வளைகுடாவில் விசாவை ஒட்டித்தான் எல்லாமே என்பதால் யாரும் இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. மேனேஜர் பிழைக்கத் தெரிந்தவர். கார்மேகத்தைத் திரும்ப அழைத்து, மேசைத் துணிகள் அடுக்கும் அறையில் மெத்தை ஒன்று போட்டுக் கொடுத்து, சம்பளத்தையும் கொஞ்சம் கூட்டினார். அந்த ஓட்டலின் விசாவில் இருப்பது மட்டுமே இனி அவனுடைய டூட்டி.

அடுத்த வருடம் குளிர்நாட்டுப் பத்திரிகைக்காரி ஒருத்தி வந்தாள். வெயில் தேடித் தெற்கே போகிறவர்கள் எங்கே சாப்பிடலாம், எங்கே ஒயின் குடிக்கலாம் என்று எழுதுவது அவள் வேலை. ஏழாம் மாடியில் எவ்வளவு குடித்தாலும் மறுநாள் தலைவலி இல்லை என்று எழுதிவிட்டாள். தலைவலி எங்கே போகிறது என்று அவள் விசாரிக்கவில்லை. சாப்பிட வந்தவள் பாத்திரம் தேய்க்கிற இடத்தை எட்டிப் பார்க்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? அதன் பிறகு கூட்டம் அம்மியது. வெள்ளிக்கிழமை மதிய விருந்து தொடங்கினார்கள். ஒரே விலை, ஒயின் மட்டும் அளவில்லாமல். இரவில் ஏறுவதெல்லாம் மெத்தையோடும், அவன் தங்கியிருந்த அல் குசைஸ் ரூமோடும் முடிந்துவிடும். ஊரிலிருந்து போன் வரக்கூடிய வெள்ளிக்கிழமைப் பகல்தான் வினையாக வந்து வாய்த்தது.

கார்மேகத்தின் மனைவி தாமரையின் அப்பா குடித்துக் குடித்தே கண்மாய்க்குள் விழுந்து கிடந்து செத்தவர். அதனால் பெண் பார்க்க வந்த அன்றே, கோயிலில் கயிறு கட்டிக்கொண்டால்தான் கழுத்தை நீட்டுவேன் என்று சொல்லியிருந்தாள். குடியை விடுகிறவர்கள்தான் அந்தக் கோயிலில் கயிறு கட்டுவார்கள். குடிக்காத ஒருவன் வரிசையில் நின்று கட்டிக்கொண்டதைப் பார்த்து ஊர் சிரித்தது. கயிறு கட்டியவன் குடித்தால் பிள்ளைக்கு ஆகாது என்பது அங்கத்து நம்பிக்கை. அவர்களுக்கு ஒரே மகள்.

2006இல் ஒரு வெள்ளிக்கிழமை அந்த மகளுக்குக் காய்ச்சல் முற்றி, பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வாசலில் இருந்த பூத்திலிருந்து தாமரை போன் செய்தாள். "பிள்ளைக்கு மூச்சு வாங்குதுங்க" என்றாள். ஏழாம் மாடியில் அந்நேரம் பதினோரு இஞ்சினியர்கள் யாருக்கோ பதவி உயர்வு என்று குடித்துக்கொண்டிருந்தார்கள். துணி அறை மெத்தையில் கிடந்த கார்மேகம் சிரித்தான். வாயைக் கையால் பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தான். தாமரை அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. தாமரை மட்டும் அதற்குப் பிறகு அவன் போனை எடுக்கவில்லை. அவள் தன்னை நம்பவேண்டும் என்பதைத் தவிர அவனுக்கும் அதன் பின் வேறு வேண்டுதல் இல்லாமல் போனது.

அறையில் உடன் தங்கியிருந்த கீழக்கரைக்காரர், துணிக்கடை கௌஸ் முகம்மது, பொறுக்கமாட்டாமல் தானே போன் போட்டார். "தங்கச்சி, அல்லா மேல ஆணையாச் சொல்றேன். அவன் ஒதட்டுல ஒரு சொட்டுப் பட்டதில்ல. கஸ்டமர் குடிக்கிறான், இவனுக்கு ஏறுது. அம்புட்டுத்தான்."

"எங்கப்பாவுக்கும் இப்புடிச் சாட்சி சொல்ல நாலு பேரு இருந்தாகண்ணே" என்று சொல்லித் தாமரை வைத்துவிட்டாள்.

மறுவருடம் லீவு கிடைத்தது. பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தபோது, கடல் தாண்டினால் வராது என்று மேனேஜர் கவலைப்பட்டார், கார்மேகம் ஆசைப்பட்டான். வந்தது. ஊருக்குப் போன முதல் வெள்ளிக்கிழமை, சாப்பிட்ட இலையை எடுக்கும் முன்பே அவனுக்குத் தலை சாய்ந்தது. வீட்டைவிட்டு அவன் எங்கேயும் போயிருக்கவில்லை, காலையிலிருந்து தாமரை அவனைக் கண்ணால் காவல் காத்திருந்தாள். எழுந்து வந்து அவன் வாயருகே முகத்தை வைத்து மோந்தாள். பன்னிரண்டு வயது வரை தினமும் மோந்த வாசனை அவளுக்கு மறக்காது. ரசமும் வெற்றிலையும்தான் மணத்தன. அவன் எவனுடைய பாஷையிலோ உளறினான், எவளையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பொழுது சாயும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"குடிச்சிருந்தா வஞ்சு தீத்திருப்பேன்" என்றாள், அவனுக்குத் தெளிந்த பிறகு. "இத நான் யாருகிட்டப் போயி வைய?"

விசாவை ரத்து செய்துவிட்டு வருகிறேன் என்றான். அவள் வெளியே பார்த்தாள். மூன்று வருடமாக மழை இல்லை, கருவேலத்தைத் தவிர எதுவும் பச்சையாக இல்லை. மகளுக்கு மருந்து நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஒத்தையாச் சொமக்காதீக" என்றாள். "பாதிய எங்கிட்டக் குடுங்க."

வாயால் சொன்னது மட்டும்தான். சூடம் ஏற்றவில்லை, சத்தியம் எதுவும் செய்யவில்லை. கார்மேகம் துபாய்க்குத் திரும்பிய அதே வாரத்திலிருந்து அவனுக்குப் பாதிதான் ஏறியது. அவனால் எழுந்து நடக்க முடிந்தது, தன் பெயர் நினைவிருந்தது. மறுபாதி முதுகுளத்தூர்ப் பக்கம் வந்து இறங்கியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் தாமரை தள்ளாடியபடி கதவைப் பிடித்து நிற்பதை ஊர் பார்த்தது. கண்டபடி பேசவும் செய்தது. யார் யாரோ மோந்து பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டது. "தாமரைக்குத் துபாய் வந்துருச்சு" என்று, மழை வந்துவிட்டது என்பது போலச் சொல்லிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பூவாயி வந்து பிள்ளையைத் தூக்கிப் போவாள். வெள்ளிக்கிழமைகளில் தாமரையை யாரும் களைவெட்டக் கூப்பிடுவதில்லை.

2009இல் துபாயில் பலருக்கு வேலை போனது. குடிக்கிறவர்கள் குறையவில்லை, குடிக்கிற விதம்தான் மாறியது. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை தாமரையே போன் செய்தாள். குரல் குழறியது.

"இன்னைக்கு யாருங்க குடிக்கிறது? எனக்கு அழுகையா வருது."

"மூணாவது டேபிளு. சீட்டுக் கிழிஞ்சிருச்சாம், நாளைக்கு ஊருக்குப் போறானாம். வீட்டுல இன்னும் சொல்லலையாம்" என்றான் கார்மேகம். அவன் குரலும் குழறியது.

"பாவம்" என்றாள் தாமரை.

மூன்றாவது மேசைக்காரன் தெளிந்த முகத்தோடு மீனை முள் நீக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இவர்கள் இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவனுக்காக அழுதார்கள். அவன் எழுந்து போனதும் அழுகை நின்றது. பிள்ளை சாப்பிட்டதா என்று கார்மேகம் கேட்டான். சாப்பிட்டது என்று தாமரை சொன்னாள்.