முயற்சிக்குப் புள்ளி

1

இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி இறக்கிக்கொண்டு நின்றபோது, வாங்க வந்த ஒரு அக்கா சொன்னது. டோர்வலில், விமானப் பயணிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் அவரோடு வேலை செய்யும் சிவாஜினிக்கு நடந்தது. "தம்பி, என்ர பேரைப் போட்டிடாதை" என்றார். அவருக்கு நல்லம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

2005 நவம்பரில் மொன்றியலின் முதற்பனி பூப்பூவாய்—

(வெட்டியாயிற்று. பனி அள்ளினவனுக்கு அது பூவாகத் தெரியாது.)

சிவாஜினிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கனவு—

(அப்படி ஒன்றையும் நல்லம்மா சொல்லவில்லை. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றியவள், மேசையில் கிடந்த மகளின் பென்சிலைச் சும்மா எடுத்தாள். அவ்வளவுதான்.)

2

மகள் கயலுக்குச் சித்திரப் பாடத்தில் வீட்டுவேலை: ஒரு கையைப் பார்த்துக் கீற வேண்டும். அவளோ தொலைக்காட்சிக்கு முன்னால் கிடந்தாள்.

"அம்மா, எனக்கு விரலெல்லாம் வாழைக்காய் மாதிரி வருது. நீங்களே கீறுங்கோ."

"எனக்கெங்கையடி தெரியும்?" என்றபடியே சிவாஜினி கதிரையை இழுத்துப் போட்டாள்.

இடக்கையை மேசையில் வைத்து வலக்கையால் கீறினாள். சரிவரவில்லை. அழித்துவிட்டுத் திரும்பவும் கீறினாள். அடுப்பில் சோறு குழைந்துபோனது. மறுநாளும் வேலையால் வந்ததும் அதே கதிரை. கடைசியில் வளைந்த சுண்டுவிரலும் வெடித்த நகக்கண்ணுமாய் அவளுடைய கையே தாளில் வந்து குந்தியது. பிழைக்கோடு ஒன்றுகூட மிஞ்சாமல் அழிறப்பரால் துடைத்தாள். வேலையிடத்தில் விரல் அடையாளம் பதிந்த தட்டைச் சூப்பவைசர் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தப் பழக்கம். அந்தத் தாளையே கயல் தன் பெயரைப் போட்டுக் கொடுத்தாள்.

3

பெற்றோர் சந்திப்பு. சித்திர ஆசிரியை பிரெஞ்சில் சொல்வதைக் கயல்தான் தமிழாக்கினாள். தன்னைப் பற்றிய குற்றப்பத்திரிகையைத் தானே வாசிக்கிற கெட்டிக்காரி.

"படம் திறமாம். வகுப்பிலையே இதுதான் திறமாம்."

சிவாஜினிக்குக் காது சுட்டது.

"இன்னொருக்காக் கேள்."

"அம்மா!"

"வடிவாக் கேள் பிள்ளை. என்ன சொன்னவா?"

ஆசிரியை இன்னொரு முறை சொன்னார்.

"அது வேலை செய்த கையாம். நிழலெல்லாம் உண்மையாம்."

(இந்த இடத்தில் சிவாஜினியை அழவைத்தேன். பிறகு வெட்டினேன். அவள் அழவில்லை. இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் ஒளித்தாள்.)

"ஆனா முயற்சிக்கும் ஈடுபாட்டுக்கும் ஆகக் குறைஞ்ச புள்ளியாம். வகுப்பிலை நான் யன்னலைப் பாக்கிறனாம். படத்திலையும் ஒரு பிழைக்கோடு இல்லையாம். பாடுபட்டுக் கீறினா அழிச்ச தடம் தெரியுமாம்."

"நான் எத்தினை தரம் அழிச்சனான்!"

வாய்தவறி வந்துவிட்டது. நல்லவேளை, தமிழில். அம்மா என்ன சொல்கிறார் என்று ஆசிரியை கேட்டார்.

"நன்றி சொல்றா," என்றாள் கயல் பிரெஞ்சில்.

[நான் வளர்ந்த வீட்டில் முயற்சி என்றால் சட்டையின் முதுகு நனைந்திருக்கும். அதற்குப் புள்ளி போட ஒருவரும் வந்ததில்லை. இந்த ஆசிரியை தடம் கேட்கிறார். அதனால்தான் வெட்டிய வரிகளை அழிக்காமல் விட்டிருக்கிறேன். எனக்கும் ஆசை இருக்காதா?]

4

ஆசிரியை ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் கயலின் பக்கம் தள்ளினார். என் கண்முன்னால் கீறு, புள்ளியை மாற்றுகிறேன் என்றார்.

இனி முடிவு. சிவாஜினி பென்சிலைப் பறித்துத் தானே கீறுகிறாள், ஆசிரியை எழுந்து நின்று கைதட்டுகிறார். (சினிமாப் படமெடுக்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.) ஒன்றும் பேசாமல் தாயும் மகளும் எழுந்து மெத்ரோவுக்குப் போகிறார்கள். (நடக்கக்கூடியதுதான். அப்படி எழுதினால் எனக்குச் சோறு இறங்காது.)

நல்லம்மா சொன்னது இது.

"அம்மா, கையை வையுங்கோ," என்றாள் கயல்.

சிவாஜினி இடக்கையை மேசையில் வைத்தாள். ஆசிரியை கையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார்.

கயல் குனிந்து கீறத் தொடங்கினாள். மேசைக்குக் கீழே, கோட்டு மடிப்பில், சிவாஜினியின் வலக்கை விரல் தன்பாட்டில் அதே கையைக் கீறிக்கொண்டு ஓடியது. மகள் மணிக்கட்டில் நிற்க, அது சுண்டுவிரலுக்குப் போய்விட்டிருந்தது.

மேலே சுண்டுவிரல் வாழைக்காயாகவே வந்தது. கயல் அழிறப்பரை எடுத்தாள்.

"அழிக்காதை," என்றாள் சிவாஜினி. "கிடக்கட்டும். பக்கத்திலை கீறு."

கயல் பக்கத்தில் கீறினாள். ஆசிரியை பேனாவைத் திறந்தார்.

என்ன புள்ளி போட்டார் என்று கேட்பதற்குள் நல்லம்மா தக்காளிப் பையோடு பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். நானாக ஒன்றைப் போடலாம். மாட்டேன். பேனாவை உங்களிடம் தருகிறேன். போடுவதற்கு முன் ஒருதரம் குனிந்து மேசைக்குக் கீழேயும் பாருங்கள்.