சலமினோ பூக்கும் வரை

ஞாயிற்றுக்கிழமை மதியம் பக்கத்துத் தோட்டத்து ஒலிந்தோ வருவான். கதவைத் தட்டமாட்டான். செத்துப்போன என் புருஷனின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துணியைக் கழுத்தில் செருகிக்கொள்வான். நான் பரிமாறுவேன். பரிமாறித்தான் ஆக வேண்டும்.

எல்லாம் என் தோட்டத்துக்காக. எங்கள் சொர்பாரா திராட்சை தனியாக நின்றால் காய்க்காது. அதன் மகரந்தத்துக்கு வீரியம் கிடையாது. பக்கத்தில் சலமினோ கொடி பூத்து, அந்த மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் காய் பிடிக்கும். அதனால் இங்கே எல்லோரும் இரண்டையும் கலந்துதான் நடுவார்கள். என் வால்தெர் மட்டும் மகா புத்திசாலி. சொர்பாரா லம்ப்ரூஸ்கோ ஒயினுக்குத்தான் மவுசு என்று சலமினோ வரிசைகளைப் பிடுங்கிப் போட்டான்.

"ஒலிந்தோகிட்டதான் சலமினோ கெடக்கே. காத்துக்கு வேலியா போடப்போறான்?" என்றான். அடுத்த வருஷமே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். அந்தக் காற்றுக்காகச் சமைத்துக் கொட்டுகிறவள் நான்.

கொதிக்கும் தொர்தெல்லினி சூப்பில், எங்கள் ஊர் வழக்கப்படி, என் ஒயினை நுரை பொங்க ஊற்றிக்கொண்டே ஒலிந்தோ குறை சொல்வான். நான் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"சலமினோவ எடுத்துட்டு பேரிக்கா வைக்கலாமான்னு பாக்குறேன், நோர்மா. ஒயின் விக்கிறத விட நல்ல வெல போகுதாம்."

அவன் தட்டில் இன்னும் இரண்டு துண்டு மொர்த்தடெல்லா இறைச்சி விழும். அவன் மிரட்டுவதைவிட, என் கை தானாகப் பரிமாறுவதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

போன வருஷம் குளிர்காலத்தில், கவாத்து செய்த குச்சிகளைக் கட்டாகக் கட்டி ஒலிந்தோ தன் சலமினோ வரிசை ஓரத்தில் போட்டிருந்தான். மூடுபனியில் போய் ஒரு கை உருவிக்கொண்டு வந்தேன். வசந்தத்தில் என் கொடிகளில் அங்கங்கே ஒட்டுக் கட்டினேன். துளிர் விட்டபோது இலை என் மற்ற கொடிகளின் இலை மாதிரியேதான் தெரிந்தது. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

இந்த மே மாதம் ஒட்டுகளில் மொட்டுக் கொத்துகள் வந்தன. அன்று ஞாயிறு. மாவைப் பொரித்து வைத்தேன்.

"எண்ணெய் குடிச்சிருக்கு. இத தின்னு வால்தெர் எப்படித்தான் காலம் தள்ளினானோ!"

"தள்ள முடியாமத்தான் போயிட்டான். நீயும் இனிமே தின்ன வேணாம். அடுத்த ஞாயிறு வராத."

மெல்லுவதை நிறுத்தினான். "சலமினோ?"

"புடுங்கி எறி. எங்கிட்டயே பூக்கப்போவுது. உன் குச்சிதான். வரிசை ஓரத்துல கட்டிப் போட்டிருந்தியே, அது."

அவன் வாயைத் துடைத்தான். பிறகு சிரித்தான்.

"அடிப் பைத்தியமே! அது சொர்பாரா குச்சி. என் வீட்டுப் பின்னாடி வெட்டினது. எரிக்கிறதுக்குன்னு அங்க கொண்டாந்து போட்டேன்."

தோட்டத்துக்கு ஓடினேன். ஒட்டுக் கொடியில் சில பூக்கள் அன்று காலைதான் திறந்திருந்தன. ஒன்றைக் கிள்ளிப் பார்த்தேன். மகரந்தக் கேசரங்கள் நிமிர்ந்து நிற்கவில்லை; கீழ்நோக்கிச் சுருண்டிருந்தன. சொர்பாராவேதான். என் மற்ற கொடிகளெல்லாம் மொட்டு அவிழக் காத்திருந்தன. வேலிக்கு அப்பால் அவனுடைய சலமினோ பூக்கத் தொடங்கியிருந்தது. ஒரு கத்தியும் அரை நாளும் போதும் அவனுக்கு, இந்த வருஷ விளைச்சல் முழுவதையும் அழிக்க. எனக்கு அழவேண்டும் போலிருந்தது, அழவில்லை.

திரும்பி வந்தபோது அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கிண்ணத்தை நீட்டினான். ஒயினை ஊற்றினேன்.

"வியாழக்கிழமையும் நான் வீட்ல சும்மாதான் இருக்கேன், நோர்மா," என்றான்.

"என்ன சமைக்கட்டும்?" என்று கேட்டேன்.