பூஜ்யம் என்று எழுதிய ஊர்

1

இந்தக் கதை ஒரு விரத நாளில் தொடங்கியது. போன சஷ்டியன்று கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் யார் யார் என்று நினைத்துப் பார்த்தேன். முதலில் வந்த முகம் தீர்த்தம்மாளுடையது. அவரை இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன். இரண்டும் எட்டு ஆண்டுகளுக்கு முன், எழுபத்தோராம் ஆண்டுக் கோடையில்.

எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

"அந்த ஆண்டு தர்மபுரிப் பக்கம் மேகங்கள்..." (வேண்டாம். மழையைப் பற்றி அழகாக எழுதும் உரிமை எனக்கு இல்லை.)

"மாரண்டஹள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்..." (இதுவும் வேண்டாம். அவர் வர இன்னும் நேரமிருக்கிறது.)

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். தவறு அங்கேதான் நடந்தது.

2

அப்போது நான் தர்மபுரியில் ஓர் அரசு அலுவலகத்தில் புள்ளிவிவர உதவியாளன். ஆழ்துளைக் கிணறு போடும் லாரி ஒன்று வரப்போவதாகச் சொன்னார்கள். பதினான்கு ஊர்கள் கேட்டிருந்தன, ஐந்துக்குத்தான் போகும். ஒவ்வோர் ஊரிலும் தண்ணீர் கிடைக்க வாய்ப்பு எவ்வளவு என்று மதிப்பிட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. அதை வைத்து ஐந்து ஊர்களைத் தேர்ந்தெடுப்பார்கள்.

முறை இதுதான். ஓர் ஊரில் பத்துக் கிணறு, மூன்றில் தண்ணீர் என்று வையுங்கள். அந்த மண்ணின் உண்மையான வாய்ப்பு நமக்குத் தெரியாது. பத்தில் ஒன்று என்று கொண்டால், மூன்றில் தண்ணீர் வந்தது அபூர்வமாகிவிடும். பத்தில் எட்டு என்று கொண்டால் அதைவிட அபூர்வம். பத்தில் மூன்று என்று கொண்டால்தான், கண்ணால் கண்டது நடப்பதற்கு மிக அதிக வாய்ப்பு. ஆகவே அதையே மதிப்பீடாக எழுது. இதற்கு அதிகபட்ச வாய்ப்பு முறை என்று பெயர்.

பக்கத்து மேஜை தஸ்தகீர் பாயிடம் கேட்டேன். "ஒண்ணுலகூட தண்ணி வரலைன்னா என்ன எழுதறது பாய்?"

"ஆறு எடத்துல பொண்ணு பார்த்து ஒண்ணும் அமையலைன்னா, தரகர் மாப்பிள்ளையைப் பத்தி என்ன சொல்வார்?"

"எனக்கு அஞ்சு எடம்தான் ஆகியிருக்கு பாய்."

"அப்ப இன்னொண்ணு பார்த்துட்டு வா குப்புராஜ். உனக்கும் பூஜ்யம்னு போட்டுடலாம்."

இருவரும் சிரித்தோம்.

(குறிப்பு: ஓர் ஊரில் ஆறு கிணறு என்று வையுங்கள். வாய்ப்பு பாதி என்று கொண்டால், ஆறு கிணறும் வறண்டுபோவது அறுபத்து நான்கில் ஒருமுறை. பத்தில் ஒன்று என்றால், ஏறக்குறைய இரண்டில் ஒருமுறை. பூஜ்யம் என்றால் எப்போதுமே வறட்சிதான். எனவே இந்த முறை பூஜ்யத்தைத் தேர்ந்தெடுக்கும். முறையில் பிழை இல்லை. தன்னிடம் சொன்னதை மட்டும்தான் அது கேட்கும்.)

3

மாரண்டஹள்ளிக்கு மேற்கே ஓர் ஊர். பெயரை எழுதவில்லை. பெரியண்ணன் என்ற விவசாயி என்னோடு நடந்து கிணறுகளைக் காட்டினார்.

"இது எங்கப்பா வெட்டுனதுங்க. நாப்பதடி. மழை நின்னா தவளைகூட குடி மாறிப் போயிரும்."

"ஊத்து?"

"நீங்க உக்காந்து அழுதா உண்டுங்க."

ஆறு கிணறுகள். ஒன்றிலும் ஊற்று கண்டதில்லை. ஆறாவதன் அருகில் வெறுங்குடத்தோடு ஒரு பெண் நின்றிருந்தார்.

"எல்லாக் கெணத்தையும் எழுதிட்டீங்களா சார்?"

நான் வாய் திறப்பதற்குள் பெரியண்ணன் சொன்னார்: "எழுதியாச்சு தீர்த்தம்மா. வெயிலு ஏறுது. நீ வூட்டுக்குப் போ."

அவர் போகவில்லை. என்னையே பார்த்தார். நான் பேனாவை மூடினேன்.

4

இந்தக் கதையை முதலில் எழுதியபோது பெரியண்ணனைக் கெட்டவராக எழுதியிருந்தேன். பேச வந்த பெண்ணை அடக்கி அனுப்பும் ஆள். கண்டதற்கு மிகவும் பொருந்தும் விளக்கம் அதுதானே? கதை எழுதுகிறவனும் எங்கள் அலுவலக முறையைத்தான் கையாள்கிறான். நாலு காரியத்தைப் பார்த்துவிட்டு, அவை நடக்க எது தோதோ அதையே ஒரு மனிதனின் குணம் என்று எழுதிவிடுகிறான்.

உண்மை பிறகு தெரிந்தது. நான் அங்கே போனதற்கு நாலு ஆண்டுக்கு முன் தீர்த்தம்மாளின் ஒரே மகள், எட்டு வயதுக் குழந்தை, தங்கள் சொந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது விழுந்து இறந்துபோனாள். தகப்பன் கல்லும் மண்ணும் கொட்டி அதைத் தூர்த்துவிட்டார். அதற்குப் பிறகு தீர்த்தம்மாள் காதில் விழும்படி அந்தக் கிணற்றைப் பற்றி அந்த ஊரில் ஒருவரும் பேசியதில்லை. பெண்கள் அந்த வயலை ஒதுக்கி வேறு பாதை போட்டுக்கொண்டார்கள். இரண்டு மைல் நடந்து தண்ணீர் எடுத்தார்கள். தூர்த்ததைத் திறக்கலாமா என்று ஒருவர்கூட அவரிடம் கேட்கவில்லை. அவர் எதிரில் நிற்கும்போது பெரியண்ணன் ஆறோடு நிறுத்தியது அதனால்தான்.

சின்னச் சின்ன இரக்கங்களால்தான் இந்த உலகத்தை இறைவன் தாங்குகிறான் என்று நம்புகிறவன் நான். அந்த இரக்கத்தால்தான் என் படிவத்தில் பூஜ்யம் விழுந்தது. இவ்விரண்டையும் சேர்த்து ஒரு வாக்கியம் எழுத முயன்றேன். இரக்கம் என்பது சில நேரம்... (வரவில்லை. விட்டுவிடுகிறேன்.)

5

மதிப்பீடுகள் சனிக்கிழமை சேலத்து மேலலுவலகத்துக்குப் போயின. ஊருக்குப் பூஜ்யம் விழுந்த செய்தி எப்படியோ ஊருக்குப் போயிருக்கிறது. திங்கட்கிழமை காலை தீர்த்தம்மாள் தனியாக அலுவலகத்துக்கு வந்தார்.

"ஆறு இல்லீங்க சார். ஏழு."

"அன்னிக்கு ஆறுதானம்மா காட்டினாங்க?"

"எனக்காகச் சொல்லாம வுட்டாங்க. அவங்கள ஒண்ணும் வையாதீங்க."

சொன்னார். நாலு ஆண்டாக யாரிடமும் சொல்லாததை, பஸ் ஏறி வந்து, முன்பின் தெரியாத இரண்டு பேரிடம் சொன்னார். தஸ்தகீர் பாய் எழுந்து தன் நாற்காலியை நகர்த்திப் போட்டார். தீர்த்தம்மாள் உட்காரவில்லை.

"அதுல தண்ணி இருந்துச்சுங்களா?" என்று கேட்டேன். படிவத்தில் அடுத்த கேள்வி அதுதான்.

"இருந்துச்சுங்க. இல்லாட்டி கை காலு ஒடிஞ்சதோட போயிருக்கும்."

ஏழில் ஒன்று என்று எழுதினேன். (கை நடுங்கியது என்று எழுதினால் பொய். நன்றாகவே எழுதியது.)

"லாரி வந்தா எங்கங்க போடுவாங்க?"

"தண்ணி இருந்த எடத்துக்குப் பக்கத்துலதாம்மா."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "போடட்டுங்க. ஊர்ப் புள்ளைங்க ரெண்டு மைலு நடக்குதுங்க."

அன்று மத்தியானமே தஸ்தகீர் பாய் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, திருத்தத்தை எடுத்துக்கொண்டு சேலம் பஸ் ஏறினார். மறுநாள் வந்து, "வாங்கிக்கிட்டாங்க. சேர்த்துக்குவாங்களான்னு அல்லாவுக்குத்தான் தெரியும்" என்றார்.

6

முடிவுகள்.

லாரி வந்தது; தண்ணீர் பீறிட்டது; தீர்த்தம்மாள் முதல் குடம் பிடித்தார். இதை இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். அவர் துக்கத்துக்கு நான் விலை பேசுவதுபோல இருந்தது.

லாரி வரவில்லை. இதையும் எழுதினேன். இது கண்டதற்கு நன்றாகப் பொருந்துகிறது. அதனாலேயே எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

நடந்தது எனக்குத் தெரியாது. அந்த மாதமே ராமநாதபுரத்துக்கு மாற்றல். ஒரு கடிதம் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். பயந்துகொண்டு போடவில்லை.

ஆனால் என்னை உறுத்துவது அதுகூட இல்லை. தீர்த்தம்மாள் அன்று கால் மணி நேரம் எங்கள் எதிரில் நின்றார். ஆழம் கேட்டேன், அகலம் கேட்டேன், எந்த மாதம் தண்ணீர் குறையும் என்று கேட்டேன். அந்தக் குழந்தையின் பெயரைக் கேட்கவில்லை. இந்தக் கதைக்காக மூன்று பெயர்கள் வைத்துப் பார்த்தேன். மூன்றும் பொருந்தின. மூன்றையும் அடித்துவிட்டேன்.

நீங்கள் அந்தப் பக்கம் போக நேர்ந்தால், லாரி வந்ததா என்று அப்புறம் விசாரித்துக்கொள்ளுங்கள். முதலில் அந்தத் தாயிடம் பெயரைக் கேளுங்கள். கேட்டு, இங்கே எழுதிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்: