ஏணியில் நின்ற செவ்வாய்க்கிழமைகள்

குடியை விடுகிறவர்கள் கூடிப் பேசுகிற கூட்டம் ஒன்று நடக்கிறதாம். அங்கே போய், உட்கார்ந்து, "நான் குடிகாரன்" என்று என் வாயால் சொன்ன பிறகுதான் மகளோடு வீட்டுக்கு வருவேன் என்று சொல்லிவிட்டு, என் மனைவி அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பொய் சொல்லியும் தப்பிக்க முடியாது. போனில் என் குரலைக் கேட்டே எத்தனை கிளாஸ் என்று சொல்லிவிடுகிறவள் அவள்.

மருந்துக்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் செய்தேன். மூன்று தடவை, அந்தப் பக்கம் எடுத்ததுமே வைத்துவிட்டேன். நான்காவது தடவை, நான் பேசட்டும் என்று காத்திருக்காமல் அந்தக் குரலே சொன்னது: "செவ்வாய்க்கிழமை ஆறு மணி, நூலகத்துக்குக் கீழ்த்தளம். பேர்கூடச் சொல்ல வேணாம், வந்து உட்காருங்க."

வேலை முடிந்து நேராகப் போனதால் தோளில் கருவிப் பை இருந்தது. கதவருகே தேநீர் கலக்கிக்கொண்டிருந்தவருக்கு அறுபது வயதிருக்கும், தையல்காரர். "வாங்க தம்பி, யாரு?" என்றார். வட்டமாகப் போட்ட நாற்காலிகளிலிருந்து பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் தோள் பையை முன்னால் இழுத்துக்கொண்டேன்.

"எலக்ட்ரீஷியன். ஃபேன் பார்க்க வந்தேன்."

அந்த ஃபேனும் புண்ணியத்துக்குக் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. யார் கூப்பிட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. தையல்காரர் ஏணியைக் கொண்டுவந்து, நான் ஏறியதும் கீழே பிடித்துக்கொண்டார். ஃபேனைவிட என் முகத்தைத்தான் அவர் அதிகம் பார்த்தார்.

ஒரு மணி நேரம் ஏணியில் நின்றே கேட்டேன். மகளின் கல்யாணத்துக்கு வாங்கிவைத்த துணியை விற்றுக் குடித்தவராம் தையல்காரர். பதினோரு வருடமாகத் தொடவில்லை. இப்போது பேரன் அவர் மடியில்தான் தூங்குவான் என்றார். எனக்குக் கண் கலங்கி, திருகு எது ஓட்டை எது என்று தெரியவில்லை.

ஃபேன் சரியாகிவிட்டது. அடுத்த வாரம் எந்த முகத்தோடு வருவது? கிளம்பும்போது சுவிட்சுப் பெட்டியில் ஒரு திருகைத் தளர்த்திவிட்டு வந்தேன். இரண்டாவது வாரம் அதைச் சரிசெய்யப் போய் ட்யூப்லைட்டைக் கெடுத்தேன். மூன்றாவது வாரம் படிக்கட்டு விளக்கின் ஒயர். என்ன பிழைப்பு பாருங்கள்! செவ்வாய்க்கிழமை மட்டும் குடிக்கமாட்டேன், புதன்கிழமை அதற்கும் சேர்த்துக் குடிப்பேன்.

நான்காவது செவ்வாய் போனபோது தேநீர் இல்லை. நாற்காலிகள் சுவரோரம் அடுக்கியபடியே இருந்தன. கூட்டத்தை நடத்துகிற டீச்சர் என்னைப் பார்த்ததும், "நல்லவேளை வந்தீங்க. படி லைட்டு எரியல. முந்தாநாள் கப்பு கழுவ வந்த தையல்காரர் இருட்டுல உருண்டுட்டாரு. மணிக்கட்டு ஒடிஞ்சுபோச்சு," என்றார்.

"ஐயையோ."

"கை ஒட்டிக்கும். மறுபடி குடிச்சிட்டுத்தான் விழுந்தாருன்னு மகள் நினைக்குது. லைட்டு எரியலன்னு சொன்னா, நீங்க சொல்லாத சாக்கான்னு கேட்டுச்சாம். குழந்தையை அவர் பக்கத்துலயே விடறதில்ல."

"யாரு கண்டா, குடிச்சாலும் குடிச்சிருப்பாரு," என்றார் ஒரு பஸ் டிரைவர். அவரை அறையலாம் போல ஆத்திரம் வந்தது. அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

ஒயரை முறுக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. விளக்கு எரிந்ததும் எல்லாரும் நன்றி சொன்னார்கள். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. தையல்கார அண்ணனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று விலாசம் மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

வழியில் மதுக்கடை. ஒரே ஒரு கிளாஸ் போனால் வாய் தானாகத் திறக்கும் என்று மனசு சொன்னது. குடித்துவிட்டுப் போய், உங்கள் அப்பா குடிக்கவில்லை என்று சாட்சி சொல்வதா? சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதிர்ப்பக்கம் கடந்து நடந்தேன்.

இடுப்பில் குழந்தையோடு தையல்காரரின் மகள் கதவைத் திறந்தாள். "யாரு?"

அதே கேள்வி. "எலக்ட்ரீஷியன்மா. உங்க அப்பா குடிக்கல. அந்தப் படி லைட்டு ஒயரைத் தளர்த்திவிட்டது நான்தான்."

"எலக்ட்ரீஷியன் எதுக்கு ஒயரைத் தளர்த்துவான்? அப்பா சொல்லிக்குடுத்தாரா? கூடக் குடிக்கிற ஆளா நீங்க?"

கதவு பாதி மூடிவிட்டது.

"நான் குடிகாரன்மா," என்றேன். "கூட்டத்துல உட்கார வெக்கமா இருந்துச்சு. அடுத்த வாரம் வர்றதுக்கு ஒரு சாக்கு வேணும்னு வாராவாரம் ஒண்ணைக் கெடுத்துவச்சேன். அவர் விழுந்தது என்னாலதான்."

அவள் கிட்டே வந்தாள். "ஊதுங்க."

என் மனைவியும் இதே தூரத்தில்தான் நிற்பாள். எத்தனை தடவை மூச்சை அடக்கி முகத்தைத் திருப்பியிருக்கிறேன்! ஊதினேன்.

வாசனை இல்லை என்றதும் அவள் கதவை முழுசாகத் திறந்தாள். "எங்க அப்பாவை என்னென்ன பேசிட்டேன் தெரியுமா?" என்றாள், குரல் உடைந்து. பிறகு வேகமாக உள்ளே போய், கட்டிலில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தவரின் நல்ல கைப்பக்கம் குழந்தையை உட்காரவைத்தாள். "அப்பா, உங்க ஆளு வந்திருக்காரு."

அவர் பேரனை அணைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஏணி எங்கடா?" என்றார்.

"கொண்டு வரலண்ணே." அதற்குமேல் நின்று சமாளிக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "அண்ணே, நாளைக்குப் புதன்கிழமை. எனக்குப் பயமா இருக்கு."

"அப்ப நாளைக்கும் இங்க வா," என்றார்.