நாற்பத்தொன்றாம் நாற்காலி

"அம்பது போதும். பிளாஸ்டிக்கே போதும். சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போயிடுங்க" என்று தம்பி தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா பின்னாலிருந்து வந்து அதைப் பிடுங்கினாள். "வேண்டாங்க. எங்க வீட்டுல நாற்காலி இருக்கு" என்று சொல்லிவிட்டு அணைத்தாள்.

"எங்க இருக்கு?"

"கொட்டகையில."

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, அதெல்லாம் ஃபெயிலானது. அதுக்குத்தான் கொட்டகையில கிடக்கு."

"இருக்கட்டும். அப்பாவைப் பாக்க வர்றவங்களை வாடகை நாற்காலியில உக்கார வெச்சா, அவரே எழுந்து வந்து தூக்கிப் போடுவார்."

தம்பி கொட்டகைச் சாவியை எடுக்கப் போனான். அப்பா அப்படிச் செய்யக்கூடியவர்தான். முப்பத்திரண்டு வருடம் ஒரே கம்பெனியில் மடக்கு நாற்காலி வடிவமைத்தவர். கடற்கரைக்கு, பூங்காவுக்கு, மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு, மரத்தடியில் சாப்பாட்டு மூட்டையைப் பிரிக்கிறவர்களுக்கு என்று விதவிதமாகச் செய்தார். "வேலை செய்யறவனுக்கு நாற்காலி போட ஆயிரம் பேர் இருக்கான். சும்மா இருக்கப் போறவனுக்கு நாற்காலி போடறவன் நான்" என்று சொல்லிக்கொள்வார். அவருக்கோ சும்மா இருக்கவே தெரியாது. சுவரில் ஆணி தொங்கினால்கூட அதைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இன்று விடியற்காலை ஐந்தரைக்கு அவர் போய்ச் சேர்ந்தார். மூன்று வாரம் படுக்கை, பிறகு ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். நாலு மணிக்கு வண்டி வரும் என்று சொல்லியிருந்தார்கள். முன்னறையில் அவரைக் கிடத்தியிருந்த கட்டிலின் தலைமாட்டில், சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றுகொண்டிருந்தாள். மணி பத்தாகிவிட்டது. இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

அதுதான் அக்காவுக்குப் பயமாக இருந்தது. தம்பி பிறந்த வருடம் ஈரப் படியில் விழுந்ததிலிருந்து அம்மாவுக்கு இடுப்பு சரியில்லை. அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் நின்றால் இடது கால் நடுங்க ஆரம்பித்துவிடும். இன்னொரு முறை விழுந்தால் எழுந்து நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சமையலறையிலிருந்து அவளுடைய உயரமான மர நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார்கள். பார்க்கக்கூட இல்லை. "வேணாம்" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்து இழுத்தாள். அதற்கும் "வேணாம்" தான்.

ஏன் என்று அக்காவுக்கு மட்டும் தெரியும். விடியற்காலை, உடம்பு ஆறுவதற்கு முன்பே, அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கி அவள் அம்மாவைப் பார்த்துக் கேட்டுவிட்டாள்: "நாப்பது நாற்காலி செஞ்சாரேம்மா உனக்கு. ஒண்ணாவது நல்லா இருக்குன்னு சொன்னியா நீ? ஒரே ஒரு தடவை?"

அம்மா உட்கார்ந்திருந்த கட்டில் விளிம்பிலிருந்து மெல்ல எழுந்து தலைமாட்டுக்குப் போனாள். அப்போது நின்றவள்தான்.

சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்து விழுங்க முடிந்தால் அக்கா விழுங்கியிருப்பாள். ஆனால் அது இன்று காலை முளைத்த வார்த்தை இல்லை. பதினைந்து வயதிலிருந்து தொண்டையில் நின்றது.

கொட்டகையைத் திறந்ததும் அலுமினியமும் எண்ணெயும் பழைய கித்தான் துணியும் கலந்த வாசனை வந்தது. சுவரோரம் நாற்பது நாற்காலிகளும் மடித்து வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் நூல் கட்டி ஓர் அட்டை. அட்டையில் எண், அதற்குக் கீழே பென்சிலில் அப்பாவின் கையெழுத்து. அம்மா சொன்ன குறை அதில் அப்படியே இருக்கும்.

கதை தொடங்கியது ஏரிக்கரையில். அப்போது அப்பாவின் கம்பெனி ஒரு தாழ்வான நாற்காலியை விற்றுக்கொண்டிருந்தது, உட்கார்ந்தால் தொட்டில் போல் உள்ளே வாங்கிக்கொள்ளும். அந்தப் பெருமையோடு அம்மாவை அழைத்துப் போய் அதில் உட்கார வைத்தார். உட்கார்ந்தாள். எழத்தான் முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. முன்பின் தெரியாத இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கிணற்றிலிருந்து வாளியை இழுப்பதுபோல் இழுத்தார்கள். கரை முழுக்க வேடிக்கை பார்த்தது. "இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று அம்மா வழியெல்லாம் அழுதாள்.

அந்த வாரமே அப்பா முதல் நாற்காலியை ஆரம்பித்தார். அவளே ஒரு கையால் தூக்க வேண்டும், அவளே விரிக்க வேண்டும், கை ஊன்றாமல் எழ வேண்டும். இவ்வளவுதான் கணக்கு. அதுவரை ஞாயிற்றுக்கிழமையிலும் பட்டறைக்குப் போய்விடுகிற மனிதர், அன்றிலிருந்து ஞாயிறுதோறும் நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஏரிக்குக் கிளம்பினார். ஓய்வு எடுக்கப் போகவில்லை, சோதனைக்குப் போனார். சோதனை என்றால் அவருக்கு மனசாட்சி உறுத்தாது.

அங்கே போனதும் நாற்காலியை விரிப்பார். கைக்குட்டையால் இருக்கையைத் துடைப்பார். "உக்காந்து பாத்து சொல்லு" என்பார். அம்மா உட்காருவாள். கால் மணி நேரம் தண்ணீரைப் பார்ப்பாள். அதற்குள் யாரும் அவளிடம் பேசக் கூடாது. தம்பி தண்ணீரில் விழுந்தால்கூட அக்காதான் போய்த் தூக்க வேண்டும். பிறகு அம்மா எழுந்து ஒரு குறை சொல்வாள். அப்பா சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து எழுதிக்கொள்வார். "சரி, அடுத்த ஞாயித்துக்கிழமை பாப்போம்" என்பார். கொண்டுபோன ரொட்டியும் பழமும் அதற்கப்புறம்தான். முப்பது வருடத்துக்கு மேல் இந்த வரிசை மாறியதே இல்லை.

முதல் நாற்காலியை வெளியே எடுக்கும்போது தம்பி அட்டையைப் படித்துவிட்டு, "இதுல யாரை உக்கார வெக்கறது?" என்றான். அட்டையில் 'பக்கவாட்டில் ஆடுகிறது' என்று இருந்தது.

"ஒல்லியா யாராவது வந்தா குடு."

அப்படித்தான் அன்று வேலை நடந்தது. வருகிறவர்களின் உடம்பைப் பார்த்து, நாற்காலியின் குறையைப் பார்த்து, இரண்டுக்கும் பொருத்தம் பார்த்து அக்கா போட்டாள். ஒன்பது, 'மணல் புகுந்தால் முனகுகிறது.' இங்கே மணல் இல்லை, போடலாம். பதின்மூன்று, 'உட்கார்ந்தால் வானம்தான் தெரிகிறது, தண்ணீர் தெரியவில்லை.' அதில் அப்பாவோடு வேலை பார்த்த வெல்டர் உட்கார்ந்து, சாய்ந்த நிலையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபத்தாறு, 'வசதியாக இருக்கிறதாம், தூக்கம் வந்துவிடுகிறதாம், அது குறையாம்.' அந்த மூன்று 'ஆம்'களில் அப்பாவின் எரிச்சல் இன்னும் ஆறாமல் இருந்தது.

முப்பதுக்கு மேல் போகப் போக அக்காவின் கை தாமதித்தது. முப்பத்திரண்டு, 'நிறம் சரியில்லை.' முப்பத்தைந்து, 'போன தடவை செய்ததே மேல்.' முப்பத்தெட்டு, 'காகம் வந்து உட்காருகிறது.'

"காகம் உக்கார்றது நாற்காலியோட தப்பா?" என்றான் தம்பி.

அக்கா அதையும் விரித்துப் போட்டாள். முன்பு இதையெல்லாம் படித்தபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது. இன்று கோபம் வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ நெருடியது. என்னவென்று பார்க்க நேரமில்லை, வாசலில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

பன்னிரண்டரை மணிக்குப் பெரியப்பா வந்தார், அப்பாவுக்கு அண்ணன், ஆகிருதியிலும் அண்ணன். அவசரத்தில் தம்பி கையில் கிடைத்ததை விரித்து அவருக்குப் போட்டான். அவர் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து, கையைக் கோத்துக்கொண்டு, இறந்து கிடந்த தன் தம்பியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு முறை தொட்டுவிட்டுப் போகலாம் என்று எழுந்தார். நாற்காலியும் எழுந்தது. அவர் ஓர் அடி வைத்தார், அதுவும் பின்னாலேயே ஓர் அடி வந்தது. கைப்பிடி இரண்டும் இடுப்பைக் கவ்விக்கொண்டிருக்க, என்ன நடந்தது என்று புரியாமல் அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் இருப்பது எப்படித் தெரியும்? மறுபடியும் திரும்பினார். அதுவும் சுற்றியது.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க எல்லாரும் பட்ட பாடு பெரும் பாடு. வெல்டர் கூரையைப் பார்த்தார், அந்த நாற்காலியில் அது சுலபம்.

தலைமாட்டிலிருந்து மூக்கில் காற்று விட்டதுபோல் ஒரு சின்னச் சத்தம் வந்தது. "நாலாம் நம்பர்" என்றாள் அம்மா. "எந்திரிச்சா கூடவே வரும்னு அப்பவே சொன்னேன்."

விடிந்ததிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அது. சொல்லி முடித்ததும் கால் மடங்கியது. அக்கா பாய்ந்து தாங்கிக்கொண்டாள். அம்மாவின் உடம்பு முழுக்க நடுங்கியது.

"அம்மா, போதும்மா. உக்காரு. நான் காலையில சொன்னதை மனசுல வெச்சுக்காதே."

"நிக்கறேன். இன்னும் கொஞ்ச நேரம்தானே."

"மூணு மணி நேரம் இருக்கும்மா."

அம்மா மறுபடியும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். பிடிவாதத்தில் அப்பாவுக்குச் சற்றும் இளைத்தவள் இல்லை.

பெரியப்பாவை நாற்காலியிலிருந்து கழற்றி விட்டபின் வெல்டர் அக்காவைத் தனியே அழைத்தார். "நாப்பத்தொண்ணு முடிச்சுட்டாரும்மா. மூணு வாரத்துக்கு முன்னாடி. கடைசி ரிவிட் ஆணியை நான்தான் அடிச்சேன். மேசைக்கு அடியில வெச்சிருப்பார் பாரு."

கொட்டகையில் இப்போது எதுவும் இல்லை. வெறும் சுவரில் நாற்பது நாற்காலியின் தலை உரசிய கறை மட்டும் வரிசையாக இருந்தது. மேசைக்கு அடியில் பழைய போர்வையைச் சுற்றி அது இருந்தது. சாம்பல் நிறக் கித்தான். கையில் எடுத்தாள், குடை அளவுதான் எடை. அட்டையைத் திருப்பினாள். ஏரிக்கே போகாத நாற்காலிக்கு அட்டை வெறுமையாகத்தான் இருக்க வேண்டும். எழுத்து இருந்தது. கோடு நடுங்கி, வார்த்தைகள் கீழே சரிந்திருந்தன.

'முப்பத்தொன்றிலேயே சரியாகிவிட்டது. அவளுக்கும் தெரியும். சரி என்று சொல்லிவிட்டால் அப்புறம் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது? நானும் கேட்கவில்லை.'

அக்கா அதை இன்னொரு முறை படித்தாள். காகம் உட்காருகிறது. நிறம் சரியில்லை. கால் மணி நேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் தேடிப் பிடித்துச் சொன்ன குறைகள். தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்ட மனிதர். நடுவில் இவள் ஒருத்திதான் இத்தனை வருடம் மனசுக்குள் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தவள். அவளுக்கு அழுகை வந்தது. வாய் விட்டு அழுதாள். பிறகு கைக்குட்டை அகப்படாமல் அப்பாவின் எண்ணெய்த் துணியிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முன்னறைக்கு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை ஒரு கையால் விரித்தாள். சத்தமே இல்லாமல் விரிந்தது. கைக்குட்டையைத் தேடி எடுத்து இருக்கையைத் துடைத்தாள்.

"உக்காந்து பாத்து சொல்லு" என்றாள்.

அம்மா நாற்காலியைப் பார்த்தாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள். சட்டத்திலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தாள். தலையணை ஓரம் இருந்த அப்பாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்த வழக்கம் தெரிந்தவர்கள் யாரும் பேசவில்லை, தெரியாதவர்கள் அவர்களைப் பார்த்துப் பேசவில்லை. அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் ஆனது. அதைத் தாண்டியும் போனது. நடுக்கம் நின்றது. கண்ணீர் தன்பாட்டில் இறங்கி மோவாயில் சேர்ந்தது, அவள் துடைக்கவில்லை.

"அட்டையில என்ன எழுதியிருக்கார்?" என்று கேட்டாள்.

அட்டையை அக்கா முன்பே கழற்றித் தன் சட்டைப் பைக்குள் வைத்திருந்தாள். அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். "ஒண்ணும் எழுதலம்மா. நீ சொன்னப்புறம்தானே எழுதுவார்."

அம்மா கைப்பிடியின் மேல் முழங்கையை வைத்துப் பார்த்தாள்.

"கை ஒரு விரல்கடை உசரம் ஜாஸ்தி" என்றாள். "எழுது."

அக்கா அட்டையை எடுத்து, வெற்றுப் பக்கத்தைத் திருப்பி எழுதினாள். கைப்பிடி ஒரு விரல்கடை உயரம் அதிகம். எழுதி முடித்தபின் அம்மா இன்னும் எதற்கோ காத்திருப்பது தெரிந்தது. வழக்கமாக அப்பாவின் குரல் வரும் பக்கம் அவள் முகம் திரும்பியிருந்தது.

"சரி" என்றாள் அக்கா. அது போதவில்லை, மறுபடி ஆரம்பித்தாள். "சரி, அடுத்த ஞாயித்துக்கிழமை பாப்போம்."

அம்மா தலையாட்டினாள்.

நாலு மணிக்கு வண்டி வந்து நின்றது. ஆட்கள் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். தம்பி அம்மாவைத் தூக்கிவிட ஓடி வந்தான், அக்கா அவன் தோளைத் தொட்டு நிறுத்தினாள். அம்மாவின் இரண்டு கைகளும் மடியில், மூக்குக்கண்ணாடியைச் சுற்றிப் பொத்தியிருந்தன. கைகளைப் பிரிக்காமல் அப்படியே எழுந்து நின்றாள். நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது.